கொழுந்துக் கூடையும் கடல் கடந்த சுங்க வாசலும்

"ஏன் தம்பி, அமெரிக்காக்காரன் அவன் நாட்டுல வரி போட்டா, இங்கன நம்ம கொழுந்து வெல எதுக்குக் கொறையணும்?"

2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கூடிய சிறு கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்ட கேள்வி இது. "வரியைக் கட்டுறது அவங்க ஆளுங்கதானே?" என்று பக்கத்தில் இருந்த அக்கா ஒருவரும் சேர்ந்துகொண்டார். கூட்டத்தில் இருந்த எவருக்கும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நாமும் அன்று தடுமாறினோம். கேள்வி சிறியது. ஆனால் அதற்குப் பதில் தேடப் புறப்பட்டால் கொழும்பு ஏலம், துருக்கியின் தேயிலை மலைகள், நீலகிரி, நமது உருளைக்கிழங்குப் பாத்தி என்று பல இடங்களுக்கும் போய்வர வேண்டியிருக்கிறது.

இந்தப் பக்கங்களை வாசிப்போரில் பலர் ஒரு தடவையேனும் இடம்பெயர்ந்தவர்கள். 1977இலும் 1983இலும் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு வன்னிக்குப் போய், அங்கே காடு வெட்டிக் காணி திருத்தி, போரினால் மீண்டும் பெயர்ந்தவர்கள் இருக்கிறார்கள். 2014இல் மீரியபெத்தையில் மலை சரிந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை உலுக்கியபோதும் வீடு வாசல் இழந்தவர்கள் இருக்கிறார்கள். கிடைத்த இருபது பேர்ச் காணியிலோ, குத்தகைக்கு எடுத்த துண்டு நிலத்திலோ புதிதாகத் தொடங்கும் குடும்பத்துக்கு முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: எதை நடுவது? தேயிலையா, மரக்கறியா, இரண்டுமா? இக்கேள்விக்கும் கடல் கடந்த சுங்க வாசலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

தீர்வை என்பது என்ன?

ஒரு நாட்டுக்குள் வரும் வெளிநாட்டுப் பொருளுக்கு அந்த நாட்டின் சுங்கத்தில் அறவிடப்படும் வரியே இறக்குமதித் தீர்வை. நூறு ரூபா பெறுமதியான தேயிலைக்கு 20 வீதத் தீர்வை என்றால், இறக்குமதி செய்பவர் தம் அரசாங்கத்துக்கு இருபது ரூபா கட்டிய பின்பே சரக்கை வெளியே எடுக்கலாம். தீர்வைக்கு இரண்டு நோக்கங்கள் உண்டு. ஒன்று, அரசாங்கத்துக்கு வருமானம். மற்றது, உள்ளூர் உற்பத்தியாளருக்குப் பாதுகாப்பு. அண்மைக் காலத்தில் மூன்றாவது நோக்கம் ஒன்றும் வெளிப்படையாகவே தெரிகிறது. பிற நாடுகளைப் பேச்சுவார்த்தை மேசைக்கு இழுத்துவரவும் தீர்வை ஆயுதமாகப் பயன்படுகிறது.

தேயிலையும் தீர்வையும் பழைய கூட்டாளிகள். பிரித்தானியாவில் 1784க்கு முன் தேயிலை மீதான வரி 119 வீதமாக இருந்தது. அந்த ஆண்டில் கொண்டுவரப்பட்ட சட்டம் அதை 12.5 வீதமாகக் குறைத்தது. அதுவரை கள்ளக் கடத்தலில் வந்துகொண்டிருந்த தேயிலை அதன் பின்னர் நேர்வழியில் வரத் தொடங்கியது; தேநீர் ஏழைகளின் பானமும் ஆயிற்று. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்டார். 1873இல் 23 இறாத்தல் இலங்கைத் தேயிலை இலண்டன் போய்ச் சேர்ந்தது. கோப்பி நோயால் அழிந்த மலைகளில் தேயிலை இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு, விரிந்து திறந்திருந்த பிரித்தானியச் சந்தையும் ஒரு காரணம்.

பிரித்தானியா 1929இல் தேயிலைத் தீர்வையை முற்றாக நீக்கியது. 1932இல் மீண்டும் விதித்தது. அப்போது பிற நாட்டுத் தேயிலைக்கு இறாத்தலுக்கு நான்கு பென்சும், தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் தேயிலைக்கு இரண்டு பென்சும் அறவிட்டது. அந்த இரண்டு பென்ஸ் வித்தியாசம் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் சாதகமாக அமைந்தது; டச்சுக்காரரின் ஜாவாத் தேயிலைக்குப் பாதகமாக அமைந்தது. இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. தீர்வை எவ்வளவு என்பது மட்டும் முக்கியமல்ல. பக்கத்துக் கடைக்காரருக்கு எவ்வளவு என்பதும் அதே அளவு முக்கியம்.

அமெரிக்காவின் எட்டு மாதங்கள்

இந்தப் பாடம் 2025இல் மீண்டும் நம் வாசலுக்கு வந்தது. ஐக்கிய அமெரிக்கா கறுப்புத் தேயிலைக்குப் பொதுவாகத் தீர்வை அறவிடுவதில்லை. ஆனால் 2025 ஏப்ரல் 2ஆம் திகதி ஜனாதிபதி டிரம்ப் பல நாடுகளுக்கும் புதிய தீர்வைகளை அறிவித்தார். இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதம் என்று சொல்லப்பட்டது. ஒரு வாரத்தில் அது தற்காலிகமாக நிறுத்தப்பட்டு, எல்லோருக்கும் பொதுவான 10 வீதம் மட்டும் அறவிடப்பட்டது. ஜூலையில் 30 வீதம் என்று கடிதம் வந்தது. பேச்சுவார்த்தைகளின் பின் ஆகஸ்ட் 7 முதல் 20 வீதம் என்று முடிவாயிற்று. பின்னர் நவம்பர் மாதத்தில், அமெரிக்காவில் உணவு விலைகள் ஏறிய நிலையில், கோப்பி, வாழைப்பழம், வாசனைத் திரவியங்கள் முதலியவற்றோடு தேயிலையும் இந்தத் தீர்வையிலிருந்து விலக்கப்பட்டது. இவ்வகைத் தீர்வைகள் சட்டப்படி சரியா என்ற வழக்கும் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்றது.

எட்டு மாதங்களுக்குள் 44, 10, 30, 20, பின்பு விலக்கு. ஒரு தேயிலைக் கன்றை இன்று நட்டால் ஒழுங்காகக் கொழுந்து பறிக்க மூன்று நான்கு வருடங்கள் செல்லும். மலை உச்சியில் இன்னும் தாமதமாகும். தீர்வை ஓர் இரவில் மாறுகிறது. செடிக்கு அப்படி மாறத் தெரியாது. நமது சங்கடத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இலங்கைத் தேயிலையில் அமெரிக்கா வாங்குவது ஒரு சிறு பங்கே. அண்மைய ஆண்டுகளில் நம் பெரிய கொள்வனவாளர்கள் ஈராக், ரஷ்யா, ஐக்கிய அரபு அமீரகம், துருக்கி முதலிய நாடுகள். ஆயினும் அந்நாடுகளுக்குக் கூடுதலாகப் போவது காலி, மாத்தறை, இரத்தினபுரி பகுதிகளின் தாழ்நிலத் தேயிலை. நுவரெலியா, டிக்கோயா, திம்புளைப் பகுதிகளின் மலைத் தேயிலைக்கு மேற்கு நாடுகளும் ஜப்பானும் முக்கியமானவை. எனவே அந்தச் "சிறு பங்கு" நம் மலைகளில் அவ்வளவு சிறியதல்ல.

அடுத்து, பக்கத்துக் கடைக்காரரைப் பார்ப்போம். ஆகஸ்டில் இலங்கைக்கு 20 வீதம் என்றானபோது, ஆபிரிக்காவில் நமக்குப் பெரும் போட்டியாளரான கென்யாவுக்கும், அமெரிக்கரின் குளிர்த் தேநீருக்கு நிறையக் கறுப்புத் தேயிலை விற்கும் ஆர்ஜென்டீனாவுக்கும் 10 வீதமே. இந்தியாவுக்கோ ஆகஸ்ட் 27 முதல் 50 வீதம். அதாவது கென்யாவைவிட நாம் பின்னால், இந்தியாவைவிட முன்னால். தேயிலையின் தரத்தில் எந்த மாற்றமும் இல்லை. பறித்த கைகளும் மாறவில்லை. வாசலில் நின்றவர் எழுதிய இலக்கம் மட்டுமே மாறியது.

இன்னொரு வழியாகவும் இந்தத் தீர்வை நம் லயன்களுக்குள் வந்தது. இலங்கை அமெரிக்காவுக்கு மிகக் கூடுதலாக அனுப்புவது உடுபுடவைகளை. நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் கட்டுநாயக்காவிலும் ஏனைய இடங்களிலும் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். தேயிலைக்கு நவம்பரில் விலக்குக் கிடைத்தது. ஆடைகளுக்கு அன்று அந்த விலக்குக் கிடைக்கவில்லை.

சுமை மலையேறும் வழி

இனி அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். தீர்வையைச் சுங்கத்தில் கட்டுபவர் வெளிநாட்டு இறக்குமதியாளர்தான். ஆனால் கட்டுபவரும் சுமப்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை.

இருபது ரூபா கூடுதலாகக் கட்டிய இறக்குமதியாளர் முதலில் கடை விலையை ஏற்றப் பார்ப்பார். ஏற்றினால், குடிப்பவர் வேறு நாட்டுத் தேயிலைக்கோ வேறு பானத்துக்கோ போய்விடலாம். ஆகவே அவர் கொழும்பில் உள்ள ஏற்றுமதியாளரிடம், "நீங்களும் கொஞ்சம் இறங்கி வாருங்கள்" என்பார். ஏற்றுமதியாளர் தன் இலாபத்தில் ஒரு பகுதியை விடலாம். அதற்கு மேல் விட விரும்பமாட்டார். அவர் ஏலத்தில் குறைந்த விலையைக் கேட்பார். 1883 முதல் நடைபெற்று வரும் கொழும்புத் தேயிலை ஏலம் இந்தச் சுமை கைமாறும் இடம். இலண்டன் ஏலம் 1998இல் மூடப்பட்டுவிட்டது. கொழும்பு ஏலம் உலகின் பெரிய தேயிலை ஏலங்களில் ஒன்றாகத் தொடர்கிறது. ஏலத்தில் விலை இறங்கினால் அந்தச் சுமை தொழிற்சாலைக்கு வரும். தொழிற்சாலையிலிருந்து அது கொழுந்துக் கூடைக்கு வரும். கூடைக்காரர் அதை யாரிடம் இறக்கி வைப்பது? அவருக்குக் கீழே எவரும் இல்லை.

சிறு தேயிலைக் காணிக்காரருக்கு இது எப்படி நடக்கிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். தொழிற்சாலை பெறும் ஏல விலையில் நூற்றுக்கு 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கும் 32 பங்கு தொழிற்சாலைக்கும் என்பது நடைமுறையில் உள்ள சூத்திரம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். விளங்குவதற்காக ஓர் உதாரணம்: தூள் கிலோ 1000 ரூபாவுக்கு விற்றால், கொழுந்துக்காரரின் பங்கு 680 ரூபா. அதை நாலரையால் பிரித்தால் கொழுந்து கிலோவுக்குச் சுமார் 151 ரூபா. தூள் விலை 900 ரூபாவாக இறங்கினால், பங்கு 612 ரூபா. கொழுந்து கிலோவுக்குச் சுமார் 136 ரூபா. மாதம் 200 கிலோ கொடுக்கும் குடும்பத்துக்கு இதனால் ஏற்படும் நட்டம் ஏறத்தாழ 3000 ரூபா. பசளை விலையும் லொறிக் கூலியும் அதற்காகக் குறைவதில்லை.

நாட்சம்பளத்துக்கு வேலை செய்வோரை இது வேறு விதமாகத் தாக்குகிறது. 2024இல் தோட்டத் தொழிலாளரின் ஆகக் குறைந்த நாட்சம்பளம் 1350 ரூபாவாக உயர்ந்தது. 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் அது 1550 ரூபாவாகும் என்றும், அதற்கு மேல் 200 ரூபா வருகைக் கொடுப்பனவை அரசாங்கம் தரும் என்றும் அறிவிக்கப்பட்டது. சட்டப்படி உயர்ந்த சம்பளத்தை ஏல விலை இறங்கியதென்று குறைக்க முடியாது. ஆனால் வேலை நாட்களைக் குறைக்கலாம். கிலோ அளவைக் கூட்டி, அதை எட்டாதவருக்கு அரைப்பேர் போடலாம். மலையைக் காடாக விட்டுவிடலாம். அடுத்த சம்பளப் பேச்சில் "விலை இல்லையே" என்று கைவிரிக்கலாம். ஏல விலை ஏறிய காலத்தில் அந்த ஏற்றம் இதே வேகத்தில் மலைக்கு வந்ததா என்பதை வாசகர்களே தம் அனுபவத்தில் சொல்லட்டும்.

விளைபொருளுக்குத் திறப்பு, பதப்படுத்தினால் பூட்டு

"அப்படியானால் இலையாக விற்காமல் பைக்கற்றாக்கி விற்போம்" என்பார் சிலர். நல்ல யோசனைதான். ஆனால் பல நாடுகளின் தீர்வைப் பட்டியல் இதற்கு எதிராகவே எழுதப்பட்டிருக்கிறது. கோப்பியை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தீர்வைப்படி வறுக்காத கோப்பிக்கொட்டைக்கு வரி இல்லை. வறுத்தால் 7.5 வீதம். தேயிலையில் கறுப்புத் தேயிலைக்கு அங்கு வரி கிடையாது. பச்சைத் தேயிலையை மூன்று கிலோவுக்கு உட்பட்ட பொதியாக அனுப்பினால் 3.2 வீதம், பெரும் பொதியாக அனுப்பினால் ஒன்றுமில்லை. விளைந்தபடியே கொண்டுவா, பதப்படுத்துவதையும் பைக்கற்றாக்குவதையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதே இதன் பொருள். பதப்படுத்தலும் பொதி செய்தலும் வேலைவாய்ப்புகள். அந்த வேலைகள் அங்கேயே தங்கிவிடுகின்றன.

இதில் நமக்கு ஒரு சலுகை உண்டு. ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற ஏற்பாட்டின் கீழ் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கையின் பெரும்பாலான பொருட்களுக்குத் தீர்வையை நீக்கியது. 2005இல் கிடைத்த இச்சலுகை, மனித உரிமை நிலைமை காரணமாக 2010 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டு, 2017 மே மாதத்தில் மீண்டும் வழங்கப்பட்டது. 27 சர்வதேச உடன்படிக்கைகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமை, சம வேலைக்குச் சம ஊதியம், சிறுவர் உழைப்பு ஒழிப்பு என்பன பற்றிய உடன்படிக்கைகளும் அவற்றுள் அடங்கும். நாட்டின் ஏற்றுமதிக்குக் கிடைத்த இச்சலுகை நம் உரிமைகளோடு கட்டப்பட்டது என்பதைத் தோட்டங்களில் எத்தனை பேர் அறிவார்கள்? தொழிற்சங்கங்கள் இதைப் பேச்சுவார்த்தையில் பயன்படுத்தலாம்.

தீர்வை மட்டுமே பூட்டு அல்ல

தீர்வையைக் கட்டத் தயாராக நின்றாலும் வாசல் திறக்காத வேளைகள் உண்டு. 2017 டிசம்பரில் ரஷ்யாவுக்குச் சென்ற ஒரு சரக்கில் ஒரு வண்டு காணப்பட்டது. களஞ்சியத் தானியத்தை நாசமாக்கும் "கப்ரா" வண்டு அது. அம்மாதம் 18 முதல் இலங்கைத் தேயிலையை ரஷ்யா தற்காலிகமாகத் தடுத்தது. அதே நாட்களில் இலங்கை அரசாங்கம் அஸ்பெஸ்டஸ் இறக்குமதி மீது விதிக்கவிருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அஸ்பெஸ்டஸ் பெருமளவில் ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே பத்திரிகைகள் எழுதின. மாதம் முடிவதற்குள் தடை நீங்கியது. வண்டு ஒன்று; அதன் விலையை நம் கூரைகள் கொடுத்தன என்று சொன்னால் அது மிகையல்ல.

2015இல் களைநாசினியான கிளைபோசேட் தடை செய்யப்பட்டபோது, சில தோட்டங்கள் வேறு களைநாசினிகளை நாடின. அவற்றுள் ஒன்றின் எச்சம் தேயிலையில் இருப்பதாக ஜப்பானியக் கொள்வனவாளர்கள் முறையிட்டனர். ஜப்பானின் எல்லை மிகக் கண்டிப்பானது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் தடை நீக்கப்பட்டது. களைநாசினிப் போத்தலை எடுத்து மலையில் அடிப்பவர்களுக்கு அந்த மருந்தின் பெயரைக்கூட யாரும் விளக்கியிருக்கமாட்டார்கள். ஆனால் சந்தை மூடினால் முதலில் வேலை இழப்பவர்களும் அவர்களே.

மூன்றாவது பூட்டு, பணம் வந்து சேரும் வழி. ஈரானியர் நம் தேயிலையை விரும்பிக் குடிப்பவர்கள். ஆனால் அந்நாட்டின் மீதான பொருளாதாரத் தடைகளால் வங்கி வழியாகப் பணம் அனுப்புவது கடினமாயிற்று. அதனால் 2021 டிசம்பரில் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. முன்னர் வாங்கிய எண்ணெய்க்காக ஈரானுக்கு இலங்கை கொடுக்க வேண்டியிருந்த 25 கோடி 10 இலட்சம் டொலரை, மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பது என்பதே அது. பழைய காலத்துப் பண்டமாற்று, 21ஆம் நூற்றாண்டில் திரும்பி வந்தது.

அந்தப் பக்கத்திலும் நம்மைப் போன்றவர்களே

இதுவரை வாசித்தவர்கள், தீர்வை போடும் நாடுகள் எல்லாம் நமக்கு எதிரிகள் என்று எண்ணிவிடக் கூடாது. துருக்கி வெளிநாட்டுத் தேயிலைக்கு 145 வீதத் தீர்வை வைத்திருக்கும் நாடு. கேட்பதற்கே அச்சமாக இருக்கிறது. ஆனால் அந்நாட்டின் ரீசே மாகாணத்தில், கருங்கடலைப் பார்த்திருக்கும் செங்குத்தான மலைகளில், சிறு காணிக்காரக் குடும்பங்கள் தேயிலை பயிரிட்டு வாழ்கின்றன. அந்தத் தீர்வை அவர்களின் அடுப்பை எரியச் செய்கிறது.

இன்னும் நெருங்கிய உதாரணம் நீலகிரி. 1964இன் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கையின்படி இங்கிருந்து அனுப்பப்பட்ட நம் உறவினர்களுக்கு வேலை தருவதற்கென்றே தமிழ்நாடு அரசாங்கம் 1968இல் அங்கு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுவே பின்னர் "டான்டீ" என்ற அரசாங்கக் கூட்டுத்தாபனமாயிற்று. இந்தியா வெளிநாட்டுத் தேயிலைக்குத் தீர்வை வைத்திருந்தது. 1998 டிசம்பரில் கைச்சாத்தாகி 2000 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை, ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ இலங்கைத் தேயிலை குறைந்த தீர்வையோடு இந்தியாவுக்குள் போக வழி செய்தது. அதே காலத்தில் நீலகிரியில் பச்சைத் தேயிலை விலை விழுந்து சிறு விவசாயிகள் வீதிக்கு இறங்கியிருந்தார்கள். இலங்கைத் தேயிலை வந்தால் தம் நிலை என்னாகும் என்று அவர்கள் அஞ்சினார்கள். இங்கே கொழுந்து பறிக்கும் அக்காவும், அங்கே கொழுந்து பறிக்கும் தங்கையும் ஒரே தீர்வையின் இரு பக்கங்களிலும் நின்றார்கள். நடந்தது என்னவென்றால், தொடக்கத்தில் இரண்டு துறைமுகங்களின் வழியாகவே தேயிலை போகலாம் என்பது போன்ற நிபந்தனைகளால் அந்த ஒன்றரைக் கோடி கிலோவில் சிறு பகுதிகூட ஒழுங்காகப் போகவில்லை. காகிதத்தில் திறந்த வாசல் நடைமுறையில் திறந்ததாகாது.

நாமும் தீர்வை கேட்பவர்கள்தான். நுவரெலியாவிலும் வெலிமடையிலும் உருளைக்கிழங்கு போடும் விவசாயி, அறுவடை நேரத்தில் வெளிநாட்டுக் கிழங்கு வந்து குவிந்தால் "இறக்குமதி வரியைக் கூட்டுங்கள்" என்று கேட்கிறார். 1996இல் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தபோது இப்பகுதி விவசாயிகள் பட்ட பாட்டை முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த விசேட வியாபாரப் பண்ட அறவீடு, அதன் பின் எத்தனையோ தடவை கூட்டியும் குறைத்தும் மாற்றப்பட்டிருக்கிறது. கூட்டினால் கிழங்கு போட்டவர் மூச்சு விடுகிறார். லயத்தில் கறிக்குக் கிழங்கு வாங்கும் தாய் கூடுதலாகக் கொடுக்கிறார். குறைத்தால் நிலைமை மறுபக்கம் திரும்புகிறது. பல வீடுகளில் கிழங்கு போட்டவரும் கறி சமைப்பவரும் ஒரே குடும்பத்தினரே.

ஆகவே "தீர்வை நல்லதா, கெட்டதா?" என்று கேட்பதில் பயனில்லை. யாரைக் காக்கிறது, யார்மீது இறங்குகிறது, முன்னறிவித்தலோடு மாறுகிறதா, இரவோடிரவாக மாறுகிறதா என்றே கேட்க வேண்டும். இரவோடிரவாக மாறும்போது தாங்கிக்கொள்ளக் கையிருப்பு உள்ளவர் தப்புகிறார். இப்போதுதான் கூடாரத்திலிருந்து வெளியே வந்து காணி திருத்தும் குடும்பத்திடம் அந்தக் கையிருப்பு இல்லை.

நாம் செய்யக்கூடியவை

வாஷிங்டனிலும் அங்காராவிலும் எழுதப்படும் இலக்கத்தை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் அந்தச் சுமை எவ்வளவு நம்மீது இறங்குகிறது என்பதில் நம் கை ஓரளவு உண்டு.

முதலாவதாக, கணக்கைக் கேட்போம். தேயிலைச் சபை மாதந்தோறும் பச்சைக் கொழுந்துக்கான விலையை அறிவிக்கிறது. நம் கொழுந்தை வாங்கும் தொழிற்சாலை அதன்படி கொடுக்கிறதா? தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கும் கிலோ எவ்வளவு? தனியாகக் கேட்பவருக்குப் பதில் கிடைக்காது. பத்துப் பேர் சங்கமாகப் போய்க் கேட்டால் கிடைக்கும். சில தோட்டங்களில் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கிலோ விலைக்குக் கொழுந்து வாங்கும் முறை வந்திருக்கிறது. அங்கே கையெழுத்துப் போடுமுன், ஏல விலை இறங்கினால் நட்டம் யாருக்கு என்ற கேள்வியைக் கேட்டு, பதிலை எழுத்தில் பெற வேண்டும்.

இரண்டாவதாக, முழுக் காணியையும் ஒரே பயிருக்குக் கொடுக்காதிருப்போம். தேயிலை பல வருடங்களுக்கு மாதா மாதம் பணம் தரும் பயிர். அதன் நன்மையை மறுக்கவில்லை. ஆனால் கன்று வளரும் மூன்று நான்கு வருடமும் சாப்பிட வேண்டும். ஒரு பகுதியில் மரக்கறி, ஓரத்தில் மிளகு, கொல்லையில் ஒரு மாடு என்று இருந்தால், ஒரு வாசல் சாத்தப்படும்போது மற்றொன்று திறந்திருக்கும். மண்சரிவு அபாயமுள்ள சரிவில் எதை நடுவது என்பதை மண் தெரிந்த அதிகாரிகளிடம் கேட்ட பின்பே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவதாக, மருந்து அடித்த திகதியையும் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகச் சுத்தமான கொழுந்தைக் கொடுப்போம். தரமான தேயிலை கடைசியாகத்தான் விலை இறங்கும்.

நான்காவதாக, காணி உறுதியைக் கேட்பதை விடாதிருப்போம். உறுதி இல்லாதவருக்கு மானியமும் கடனும் எட்டாது. 2024இல் தேயிலை ஏற்றுமதி நாட்டுக்குக் கொண்டுவந்தது சுமார் 143 கோடி டொலர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வருமானத்தை ஈட்டித் தந்த மக்களில் பெரும்பாலானோருக்குத் தாம் நிற்கும் நிலத்துக்கு ஓர் உறுதி இல்லை. வெளிநாட்டுச் சந்தையில் நம் தேயிலைக்கு வாசல் திறக்க வேண்டுமென்று அரசாங்கங்கள் பேசும்போது, உள்நாட்டில் நமக்குத் திறக்க வேண்டிய வாசலையும் நினைவூட்டுவது நம் கடமை.

அந்தப் பெரியவருக்கு நாம் இப்போது சொல்லும் பதில் இதுதான்: "ஐயா, வரி கட்டுறது அவங்கதான். ஆனா அந்தப் பாரத்தை ஒவ்வொருத்தரா கீழே தள்ளிவிட்டுக்கிட்டே வர்றாங்க. கடைசியா நிக்கிறது நாம. ஒத்தையா நின்னா பாரம் முழுக்க நம்ம தலையில. சேர்ந்து நின்னா, கொஞ்சத்தையாவது மேல திருப்பித் தள்ளலாம்."

குழுக்களில் கலந்துரையாட

1. கடந்த ஆறு மாதங்களில் நம் கொழுந்துக்குக் கிடைத்த விலை என்ன? தேயிலைச் சபை அறிவித்த விலை என்ன? இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்போம்.

2. உருளைக்கிழங்கு இறக்குமதி வரியைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா? கிழங்கு போடுவோரும் வாங்குவோரும் எதிரெதிரே அமர்ந்து பேசுவோம்.

3. நம் காணியில் இன்று நடும் பயிர், மூன்று வருடங்களின் பின் விலை பாதியாகக் குறைந்தாலும் நம்மைத் தாங்குமா? தாங்காதென்றால் இப்போதே எதை மாற்றலாம்?